புல்வெட்டி வண்டிக்குச் சரியான சாவி சுவிட்ச் தேடியது

சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. சாவியை உள்ளே அழுத்தி இடது பக்கம் சாய்த்துப் பிடித்தால் சில சமயம் எடுக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து என் புல்வெட்டி வண்டி இப்படித்தான் படுத்தியது. உட்கார்ந்து ஓட்டுகிற வகை, பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் ஒற்றை சிலிண்டர் எஞ்சின், நல்ல வயதானது. நான் இருக்கும் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் அந்த மாதத்தில் மழையும் வெயிலும் மாறி மாறி வரும். ஒரு வாரம் வெட்டாமல் விட்டால் புல் கணுக்காலைத் தாண்டிவிடும். இங்கே பல ஊர்களில் புல் உயரத்துக்கும் நகராட்சிச் சட்டம் உண்டு, மீறினால் நோட்டீஸ் வரும்.

சாவியைச் சாய்த்தால் எடுக்கிறது என்பதால் சுவிட்சின் மேல்தான் சந்தேகம் போகும். ஆனாலும் அளந்து பார்க்காமல் புதிது வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த வண்டியில் செல்ஃப் எடுக்காமல் போக வழிகள் நிறைய. பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து சாவி சுவிட்ச், அதிலிருந்து பிரேக் பெடலுக்குக் கீழே உள்ள சுவிட்ச், பிறகு பிளேடு நெம்புகோலில் உள்ள சுவிட்ச், அதன் பிறகுதான் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்த்துவிடும் காந்த சுவிட்சான சோலனாய்டு. இந்த வரிசையில் எது கோளாறானாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காது, அல்லது 'டிக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும்.

முதலில் ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி ஓரமாக வைத்தேன். பிளேடு நெம்புகோல் கீழே, பிரேக் மிதித்துப் பூட்டியாயிற்று, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாயிற்று. இவ்வளவும் செய்த பிறகுதான் மல்டிமீட்டரைக் கையில் எடுக்க வேண்டும். சோதனை நடுவில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் கை எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

பேட்டரியில் 12.6 வோல்ட். நல்ல பேட்டரி. சாவி சுவிட்சின் பின்பக்கம் பேட்டரி வயர் வந்து சேரும் பி பின்னிலும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் எதுவும் ஓடாத நேரத்தில் எடுத்த அளவை நம்பக் கூடாது. கரி பிடித்த இணைப்பும் மின்சாரம் இழுக்காதவரை முழு வோல்டேஜைக் காட்டும். சுமை ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் மகனைச் சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, செல்ஃப் பக்கம் போகும் எஸ் பின்னில் அளந்தேன். 7 வோல்ட்டுக்கும் 8-க்கும் நடுவில் ஆடியது. சோலனாய்டு இழுக்க அது போதாது. எஸ் பின்னிலேயே போதிய வோல்டேஜ் இல்லை என்றால், அதற்கு அப்புறம் இருக்கிற பிரேக் சுவிட்சும் பிளேடு சுவிட்சும் சோலனாய்டும் இந்தக் குற்றத்தில் இல்லை.

மீதி வோல்டேஜ் எங்கே தொலைகிறது? இதற்கு ஒரு வழி இருக்கிறது, பலர் இதைச் செய்வதில்லை. மீட்டரின் ஒரு முனையை, சுவிட்சில் வயர்களைச் செருகும் கனெக்டரின் பின்பக்கமாக நுழைத்து பி வயரின் செம்பில் வைத்தேன், இன்னொன்றை சுவிட்சின் பி பின்னில். இரண்டும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய இடங்கள், நடுவில் பூஜ்யம்தான் காட்ட வேண்டும். சாவியைத் திருப்பினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அப்படியே பி பின்னுக்கும் எஸ் பின்னுக்கும் நடுவில் வைத்தால் இன்னும் மூன்று வோல்ட் சொச்சம். ஆக இரண்டு இடத்தில் நோய்: சுவிட்சின் உள்ளே உள்ள தொடுமுனை, வெளியே கனெக்டரில் பி வயரின் முனை.

சுவிட்சைக் கழற்றிப் பார்த்தபோது அது கண்ணுக்கே தெரிந்தது. மற்ற நான்கு பின்களும் பளபளவென்று இருக்க, பி பின் மட்டும் நீலமும் பழுப்புமாக நிறம் மாறியிருந்தது. அதைச் சுற்றி பிளாஸ்டிக் லேசாக உருகி மேடு தட்டியிருந்தது. கனெக்டரிலும் அந்த ஒரு துளை மட்டும் தேன் நிறத்தில். இறுக்கம் தளர்ந்த முனையில் தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டில் ஸ்பிரிங் தன்மை போய் இன்னும் தளரும். இத்தனை வருட அதிர்வில் அப்படித்தான் ஆகும்.

சரி, புது சுவிட்ச் வாங்க வேண்டும். இந்தப் பதிவை எழுதக் காரணமே இந்த இடம்தான்.

கடையில் தேடினால் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிக்கான சாவி சுவிட்சுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். 5/8 அங்குலத் துளையில் உட்காரும், முன்னால் ஒரு நட், பின்னால் கால் அங்குல அகலத் தகடு பின்கள். சாவியும் பெரும்பாலும் ஒரே சாவி: ஒரு வண்டியின் சாவி பல சமயம் அடுத்த வீட்டு வண்டியையும் திருப்பும். அதனால் சாவி பொருந்துகிறது, துளை பொருந்துகிறது, பின் எண்ணிக்கை பொருந்துகிறது என்பதை வைத்து ஒரு முடிவுக்கும் வரக் கூடாது. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: சாவியின் ஒவ்வொரு நிலையிலும் உள்ளே எந்தப் பின் எந்தப் பின்னோடு சேர்கிறது.

என் வண்டியின் வயரிங் படத்தில் இருந்தது இது. அணைத்த நிலையில் எம்மும் ஜியும் சேரும். ஓடும் நிலையில் பியும் எல்லும் சேரும். ஸ்டார்ட் நிலையில் பி, எல், எஸ் மூன்றும் சேரும். பி என்றால் பேட்டரி, எஸ் சோலனாய்டு, ஜி எர்த். எல் விளக்குக்கும், கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில் பெட்ரோலை அடைத்துத் திறக்கும் குட்டி சோலனாய்டுக்கும் போகிறது. எம் என்பது மேக்னெட்டோ.

இந்த எம்மைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்த வகை எஞ்சினில் பிளக்குக்குத் தீப்பொறி பேட்டரியிலிருந்து வருவதில்லை. சைக்கிள் டைனமோ போல, எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலில் பதித்த காந்தம், தீப்பொறி தரும் காயிலைக் கடந்து சுழலும்போது மின்சாரம் அங்கேயே பிறக்கிறது. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் 1982-இல் மேக்னெட்ரான் என்ற பெயரில் பாயின்ட் (திறந்து மூடும் தொடுமுனை) இல்லாத எலக்ட்ரானிக் காயிலைக் கொண்டுவந்தது. என் வண்டியில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் தீப்பொறியும் வந்துகொண்டேயிருக்கும். நிறுத்த வேண்டுமானால் காயிலிலிருந்து வரும் ஒற்றை வயரை எர்த்தில் சேர்க்க வேண்டும். அணைத்த நிலையில் எம்மும் ஜியும் சேர்வது அதற்காகத்தான். பிளேடு சுற்றும்போது சீட்டை விட்டு எழுந்தால் எஞ்சின் நிற்பதும் இதே வயர் எர்த் ஆவதால்தான்.

இன்னொரு வகை எஞ்சின்கள் உண்டு. அவற்றில் பேட்டரியின் 12 வோல்ட் காயிலுக்குப் போனால்தான் தீப்பொறி. அந்த வகைக்கான சுவிட்சில் ஓடும் நிலையில் பேட்டரியோடு காயில் பின் சேரும், அணைத்தால் பிரியும். நேர் தலைகீழ். வெளியே பார்த்தால் அதே ஐந்து பின், அதே உருவம். அதைக் கொண்டுவந்து மேக்னெட்டோ வண்டியில் போட்டால், சாவியைத் திருப்பியதும் எர்த்துக்கு மட்டுமே போக வேண்டிய காயில் வயரில் 12 வோல்ட் ஏறும். காயிலுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் பாகம் அதற்காகச் செய்யப்பட்டதில்லை, எரிந்துவிடும். செல்ஃப் வேறு நன்றாக எடுக்கும், அதனால் சுவிட்ச் சரிதான் என்றே நினைக்கத் தோன்றும்.

வண்டியின் மாடல் எண்ணை வைத்து அசல் பாக எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வழி. மாடல் எண் உள்ள தகடு பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் இருக்கும். வண்டியின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் பெயரை மட்டும் நம்பக் கூடாது, விற்றவர் ஒருவர், செய்தவர் இன்னொருவராக இருக்கலாம். சியர்ஸ் கடைகள் விற்ற கிராஃப்ட்ஸ்மேன் வண்டிகள் இதற்கு நல்ல உதாரணம். மாடல் எண் 917 என்று ஆரம்பித்தால் அது பிற்காலத்தில் ஹஸ்க்வர்னா நிறுவனத்துக்குள் போன ஏஒய்பி தொழிற்சாலை வழி வந்தது. 247 என்றால் எம்டிடி என்ற நிறுவனம் செய்தது. நிறமும் பெயரும் ஒன்றாக இருந்தும் உள்ளே வயரிங் வேறு, சுவிட்ச் வேறு.

பாக எண்களும் காலப்போக்கில் உடை மாற்றிக்கொள்ளும். எம்டிடியில் 725 என்று ஆரம்பித்த பழைய எண்கள் பிறகு 925 என்று ஆயின. பின்னால் வரும் இலக்கங்கள் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் அதே பாகம். ஏஒய்பி எண்களுக்கு முன்னால் 532 சேர்த்து ஹஸ்க்வர்னா எண் ஆக்கினார்கள். இது தெரியாமல், பழைய எண்ணைப் போட்டுத் தேடி, கிடைக்கவில்லை என்று பாதியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் வண்டிக்கு அசல் பாகம் ஒன்றை ஆர்டர் செய்தேன். 'இதற்கும் பொருந்தும்' என்று விற்பனைப் பக்கத்தில் போட்டிருந்த மலிவான மாற்றுச் சுவிட்ச் ஒன்றையும் கூடவே வரவழைத்தேன், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில். மலிவானதில் பின்களுக்கு எழுத்தே இல்லை.

அந்தச் சனிக்கிழமை நண்பர் ஒருவர் வந்திருந்தார். மதுரைக்காரர், என்னைவிட இளையவர். அவரிடமும் ஒரு பழைய புல்வெட்டி இருக்கிறது. மேஜையில் இரண்டு சுவிட்சையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரெண்டும் ஒரே சாமான்தானே? சாவியை மாத்திப் போட்டாலும் திரும்புதே" என்றார்.

"திரும்பும்பா. உள்ளே எது எதோட ஒட்டுதுன்னு பார்ப்போம்" என்று மீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் 'பீப்' நிலைக்கு மாற்றிக் கொடுத்தேன்.

ஒரு தாளில் பின்கள் இருக்கும் இடத்தை வரைந்துகொண்டோம். ஒரு முனையை ஒரு பின்னில் வைத்து, இன்னொன்றால் மற்ற நான்கையும் தொட்டுப் பார்ப்பது. பிறகு அடுத்த பின். ஐந்து பின்னில் பத்து ஜோடி வரும். அதையே சாவியின் மூன்று நிலையிலும் செய்ய வேண்டும். ஸ்டார்ட் நிலை ஸ்பிரிங்கில் திரும்பி வந்துவிடும் என்பதால் ஒருவர் சாவியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அசல் சுவிட்ச் வயரிங் படத்தில் இருந்தபடியே நடந்தது. மலிவானதில் அணைத்த நிலையில் எந்த ஜோடியும் பீப் அடிக்கவில்லை. ஓடும் நிலைக்குத் திருப்பியதும் என் கனெக்டரில் எம் வயர் வந்து உட்காரும் இடத்தில் உள்ள பின், பி பின்னோடு சேர்ந்து பீப் அடித்தது. பேட்டரிக் காயில் எஞ்சினுக்கான சுவிட்ச். சுவிட்சில் குறை ஒன்றும் இல்லை, அதற்கான வண்டியில் நன்றாகவே வேலை செய்யும். என் வண்டிக்குப் பொருந்தும் என்று எழுதியதுதான் தவறு. திருப்பி அனுப்பிவிட்டு, விற்பவருக்கு விவரத்தையும் எழுதினேன்.

நண்பருக்கு உடனே தன் வண்டியின் ஞாபகம் வந்தது. அவருடையது 1970-களின் கப் கேடட் என்ற பெயர் கொண்ட வண்டி. அந்தப் பெயரை டிராக்டர் நிறுவனமான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1981-இல் எம்டிடிக்கு விற்பதற்கு முந்தையது. அதில் கோலர் கே301, 12 குதிரைத்திறன் வார்ப்பிரும்பு எஞ்சின். பாயின்ட், கண்டென்சர், தனியாக ஒரு காயில் என்று பழைய கார் மாதிரியான அமைப்பு, தீப்பொறி பேட்டரியிலிருந்து. ஆக அவருக்கு வேண்டியது நான் திருப்பி அனுப்பிய வகை. என் அசல் சுவிட்சை அவர் வண்டியில் போட்டால் காயிலுக்கு மின்சாரமே போகாது. செல்ஃப் இழுக்கும், எஞ்சின் பிடிக்காது. நஷ்டம் அவ்வளவுதான். என் பக்கம் தவறினால் காயில் போகும். இரண்டு வகையும் ஒரே விதத்தில் ஆபத்தானவை அல்ல, அதனால்தான் மேக்னெட்டோ வண்டிக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்கிறேன்.

எல் பின்னையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சில சுவிட்சுகளில் ஓடும் நிலையில் பியும் எல்லும் சேரும், ஸ்டார்ட் நிலையில் எல் பிரிந்துவிடும். பெட்ரோல் சோலனாய்டு எல்லில் இருக்கும் வண்டியில் அதைப் போட்டால், செல்ஃப் சுற்றும் நேரத்தில் பெட்ரோல் அடைபட்டிருக்கும். சோலனாய்டு, கார்புரேட்டர் என்று கழற்றிக்கொண்டே போவீர்கள். வேறு சில வண்டிகளில் பேட்டரிக்கு சார்ஜ் போவதும் சாவி சுவிட்ச் வழியாகத்தான். அங்கே ஒரு சேர்க்கை குறைந்தாலும் எஞ்சின் ஓடும், பேட்டரி மட்டும் சில வாரத்தில் படுத்துவிடும்.

ஜி பின் இல்லாத சுவிட்சும் உண்டு, அது தன் உலோக உடம்பு வழியாகவே எர்த் ஆகும். என் வண்டியின் டேஷ்போர்டு பிளாஸ்டிக். அங்கே அப்படி ஒன்றைப் போட்டால் எம் வயருக்கு எர்த் கிடைக்காது, சாவியை அணைத்த பிறகும் தீப்பொறி நிற்காது.

2000-களில் வந்த பல வண்டிகளில் சாவிக்குக் கூடுதலாக ஒரு நிலை இருக்கும். பிளேடு சுற்றும்போது ரிவர்ஸ் போட்டால் எஞ்சின் நின்றுவிடும், வேண்டுமென்றே அந்த நிலைக்குத் திருப்பினால்தான் ரிவர்சில் வெட்டும். 'எனக்கு அது தேவையில்லை' என்று பழைய மூன்று நிலை சுவிட்சைப் போட்டு வயரை ஒட்டுப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பின்னால் ஓடி வந்த குழந்தையைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்து, கால் போன சம்பவங்கள் இந்த நாட்டில் உண்மையாக நடந்தவை. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அதேபோல, சுவிட்ச் கெட்டால் பேட்டரியிலிருந்து சோலனாய்டுக்கு நேராக ஒரு புஷ் பட்டன் வைத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்களும் உண்டு. வேலை செய்யும். ஆனால் பிரேக் சுவிட்சும் பிளேடு சுவிட்சும் அந்த வழியில் இல்லை. பிளேடு இணைந்திருக்கும்போதே, கியரில் நிற்கும்போதே எஞ்சினைச் சுற்ற வைத்துவிடும். என் வீட்டு வாசலில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், அந்தப் பட்டன் எனக்கு வேண்டாம்.

மாட்டும் வேலை சிறியது. பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றினேன். முன்பக்க நட்டைத் தளர்த்தியதும் பழைய சுவிட்ச் பின்பக்கமாகக் கையில் வந்துவிட்டது. புதியது திரும்பாமல் நிற்க அதன் கழுத்தில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், துளையின் தட்டைப் பக்கத்தோடு அது சேர வேண்டும். நட் பிளாஸ்டிக் என்பதால் கைமுறுக்குக்கு மேல் கால் சுற்று போதும்.

நேரம் எடுத்தது கனெக்டர்தான். சூட்டில் நிறம் மாறிய பி முனையை அப்படியே புது சுவிட்சில் செருகினால் புதியதும் அதே வழியில் போகும். கனெக்டருக்குள் சின்ன ஸ்க்ரூடிரைவரை விட்டு, முனையைப் பிடித்திருக்கும் நாக்கை அமுக்கியதும் முனை பின்பக்கமாக வெளியே வந்தது. வயரில் இரண்டு விரற்கடை வரை செம்பு கறுத்திருந்தது. பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டி, அதே தடிமனில் ஒரு துண்டு வயர் சேர்த்து, கால் அங்குல முனை ஒன்றை நசுக்கிப் பொருத்தினேன் (கிரிம்ப்). செருகும்போது இறுக்கமாகப் போக வேண்டும், விரலால் லேசாகத் தள்ளி உள்ளே போனால் அந்த முனை உதவாது. மற்ற நான்கு முனைகளும் நன்றாகப் பிடித்தன, அவற்றைத் தொடவில்லை.

எஞ்சினைப் பிடிக்க வைப்பதற்கு முன்னால் இன்னொரு சோதனை. எஞ்சின் பக்கம் காயில் வயர் சேரும் இணைப்பைப் பிரித்துவிட்டு, சாவியிலிருந்து வரும் எம் வயரின் முனையில் மீட்டரை வைத்தேன். பேட்டரியை இணைத்து, ஆளை சீட்டில் உட்கார வைத்து, சாவியை ஒவ்வொரு நிலைக்கும் திருப்பச் சொன்னேன். எந்த நிலையிலும் அங்கே வோல்டேஜ் வரக் கூடாது. வரவில்லை. அணைத்த நிலையில் எர்த்தோடு பீப், மற்ற இரண்டில் பீப் இல்லை. அதன் பிறகுதான் காயில் வயரையும் பிளக் தொப்பியையும் சேர்த்தேன். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்யுங்கள். தப்பான சுவிட்சை மாட்டியிருந்தாலும் காயிலை இது காப்பாற்றும்.

முதல் திருப்பலிலேயே செல்ஃப் எடுத்து எஞ்சின் பிடித்தது. சாவியை அணைத்ததும் நின்றது. பிளேடை இணைத்துக்கொண்டு சீட்டிலிருந்து எழுந்தால் நின்றது. பிரேக் மிதிக்காமல் திருப்பினால் செல்ஃப் அசையவில்லை. பிளக் தொப்பியை மறுபடி கழற்றிவிட்டு செல்ஃப் சுற்றும்போது அளந்தேன். பி பின்னுக்கும் எஸ் பின்னுக்கும் இடையே காட்டியது 0.1 வோல்ட். தோட்டம் முழுவதும் வெட்டி முடித்த கையோடு கனெக்டரைத் தொட்டும் பார்த்தேன், எந்த முனையிலும் தனியாகச் சூடு இல்லை.

எந்தப் பின் எதோடு சேரும் என்ற குறிப்பையும் பாக எண்ணையும் பானெட்டின் உட்புறம் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். நண்பரின் கப் கேடடுக்கு இன்னும் சுவிட்ச் வரவில்லை. அவருடைய கனெக்டரிலும் ஒரு முனை கறுத்திருக்கிறது, சுவிட்சோடு சேர்த்து முனைகளையும் ஆர்டர் செய்யச் சொல்லியிருக்கிறேன்.